மிதிபட்ட நிலம்

சிவமலர் கல்லால் அடித்துக் கொன்ற காட்டுப்பன்றியின் எடை, இத்தாலியின் பலேர்மோ நகரத்துக் கபோச் சந்தையில், ஆளுக்கு ஆள் மாறும். மீன்கடைக்காரர் எண்பது கிலோ என்பார். கோயிலடியில் கதைப்பவர்கள் அதை நூற்றைம்பது வரை கொண்டுபோவார்கள். அவளையே கேட்டால், "நிறுக்கவோ நேரம் இருந்தது?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் என்ன விலை என்று விசாரிப்பாள்.

அது 2016 இலையுதிர் காலம். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில் இருக்கும் சிஞ்ஞோரா மார்த்தினா என்ற இத்தாலியக்காரியின் வீட்டைத் திங்கள் முதல் சனி வரை துடைத்துக் கழுவி மினுக்குவது அவளுடைய வேலை. கணவன் அழகரத்தினம் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். கபோவில் ஒரு சந்துக்குள், ஒற்றை அறையில் இருந்தார்கள். கீழே தக்காளிக்காரன் கூவத் தொடங்கினால் மேலே ஜன்னல் கண்ணாடி அதிரும்.

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில் வன்னியில் கலியாணம் கட்டியவர்கள். மூன்று வருடம் கழித்து அவன் வெளிநாடு புறப்பட்டான். அவள் பலேர்மோவுக்கு வந்து சேர எட்டு வருடம் பிடித்தது. போரின் கடைசி மாதங்களை அவன் கையில் சவர்க்கார நுரையோடு வானொலியில் கேட்டான். அவள் அதற்குள்ளேயே இருந்தாள். தன் தம்பியை, அவன் செத்த பதுங்குகுழிக்குள் வைத்தே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த குழிக்கு ஓடினாள். அதைப் பற்றி இருவரும் ஒரேயொரு முறை கதைத்திருக்கிறார்கள். அவன் அழுதான். அவள் எழுந்து போய்ச் சோறு வடித்தாள்.

போர் முடிந்து அடைத்து வைத்த முகாமிலிருந்து வெளியே விட்டபின் அவளுக்குக் கிடைத்த வேலை மிதிவெடி அகற்றுவது. நாலு வருடம் அதைச் செய்தாள். கனத்த மார்க்கவசம், முகத்தை மறைக்கும் கண்ணாடி, முழங்காலில் நின்றபடி ஒரு மீற்றர் அகலத்துக்கு மண்ணைக் கிண்டிக் கிண்டிப் போகவேண்டும். ஒரு நாளில் ஒரு கட்டிலின் நீளம் நகர்ந்தால் அது நல்ல நாள். கற்களுக்கு ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் சிவப்பும் பூசி ஓரத்தில் அடுக்கிக்கொண்டே போவார்கள். வெள்ளை பார்க்கும் பக்கம் நடக்கலாம். சிவப்புப் பக்கம் கால் வைக்கக்கூடாது.

பக்கத்து வரிசையில் வேலை செய்த சறோஜா ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பும்போது கால் விறைத்துத் தடுமாறி, கல்லுக்கு அந்தப் பக்கம் ஓர் அடி வைத்துவிட்டாள். சிவமலரின் முகக் கண்ணாடியில் வந்து அப்பியது மண் மட்டுமல்ல. சறோஜாவின் தொடையை இறுக்கிக் கட்டியதும், மருத்துவருக்குத் தெரியவேண்டும் என்று கட்டின நேரத்தை அவளுடைய நெற்றியில் எழுதியதும் சிவமலர்தான். சறோஜா பிழைத்தாள். ஒரு காலோடு பிழைத்தாள்.

பலேர்மோவில் முதல் வருடம் முழுக்கச் சிவமலர் தார் வீதியை விட்டு இறங்கவில்லை. புல்தரையைக் குறுக்கே கடந்தால் பஸ் தரிப்பு ஐம்பது அடியில் இருக்கும். அவள் சுற்றித்தான் போவாள். ஆனால் நாலு வருடம் முழங்காலில் நகர்ந்த உடம்புக்கு நெடுக நடக்கவேண்டும் என்று ஒரு வெறி இருந்தது. அடுத்த ஒக்ரோபரில், முதல் மழை விழுந்து சந்துகளில் புழுதி மணம் அடங்கிய ஒரு ஞாயிறு, தெற்கே மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிக் காட்டோரத்தில் இறங்கினாள். வனத்துறை வண்டிகள் போகும் அகலமான மண் வீதி ஒன்று அங்கே இருந்தது. சக்கரம் போன இடத்தில் நடக்கலாம். அதேபோல மாடு போன இடத்திலும் நடக்கலாம். வன்னியில் மீளக் குடியேறிய சனம் இந்த இரண்டு விதியையும் வைத்துத்தான் ஊர் திரும்பியது. மாட்டை முன்னால் துரத்திவிட்டுப் பின்னால் போனவர்களும் உண்டு.

அதன் பிறகு இலையுதிர் காலத்து ஞாயிறு ஒன்றையும் அவள் விட்டதில்லை. ஓக் இலைகள் செம்பு நிறத்தில் நனைந்து கிடக்கும். மரத்தடிகளில், இலையே இல்லாமல், இளஞ்சிவப்புப் பூக்கள் நேராக மண்ணிலிருந்து எழுந்து நிற்கும். தக்கை உரித்த மரங்கள் தோலுரித்த ஆட்டைப்போலச் சிவந்திருக்கும். அது வேட்டைக் காலமும்கூட. முதல் வெடிச்சத்தம் கேட்ட அன்று அவள் குப்புற விழுந்து, வாய்க்குள் இலையும் மண்ணுமாகக் கால் மணித்தியாலம் கிடந்தாள். நாய்களோடு வந்த இரண்டு வேட்டைக்காரர்கள் அவளைத் தூக்கி நிறுத்தி ஒரு சிகரெட் நீட்டினார்கள். அடுத்த கிழமையும் அவள் போனாள். அடுத்த கிழமையும் விழுந்தாள். நவம்பர் முடிவதற்குள் நின்றபடி சத்தத்தைக் கேட்கப் பழகியிருந்தாள்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? மேல் மாடியில் இருந்த அகஸ்ரீனாதான் தொடக்கினாள். அழகரத்தினத்தோடு கோப்பை கழுவும் நிரோசன் அதைக் கொண்டுவந்து சேர்த்தான்.

"அண்ணை, நான் சொன்னது எண்டு சொல்லாதையுங்கோ. அக்கா ஞாயிறு ஞாயிறு வடிவாய் வெளிக்கிட்டு எங்கையோ போறாவாம். புருவம் எல்லாம் கீறிக்கொண்டு."

"உனக்கு ஆர் சொன்னது?"

"சனம் கதைக்குது. எனக்கென்ன, நான் கோப்பை கழுவுறன்."

அது நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை. வேலை முடித்து வந்த அழகரத்தினம் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. மேசையில் இருந்த தட்டைச் சுவரில் எறிந்தான். ஆள் ஆர் என்று கேட்டான். காட்டைத்தான் பார்க்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் கன்னத்தில் அறைந்தான். அவள் அதே கனத்தில் திருப்பி அறைந்தாள். அவனுடைய உதடு வெடித்து இரத்தம் சேட்டில் சொட்டியது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, உடைந்த தட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"நாளைக்கு நீங்களும் வாங்கோ," என்றாள் அவள்.

"வாறன்," என்றான் அவன், உதட்டைத் துடைத்துக்கொண்டு.

ஞாயிறு காலை, வீங்கிய உதட்டோடும் மினுங்கும் கறுப்புச் சப்பாத்தோடும் அவன் அவளுக்குப் பின்னால் மண் வீதியில் நடந்தான். அரை மணித்தியாலம் கதைக்கவில்லை. பிறகு அவனால் முடியவில்லை.

"இதுக்கோ பஸ் ரிக்கற்? இஞ்சாலை மரம். அங்காலை பார்த்தா இன்னும் மரம்."

"உங்களை ஆர் வரச்சொன்னது?"

"நீதானே சொன்னனி."

"அறை விழுந்த சூட்டிலை சொன்னனான்."

"எங்கை உன்ர ஆள்? மரத்துக்கு மேலையோ?"

"இறங்கி வரச்சொல்லட்டோ? சப்பாத்தைப் பார்த்துப் பயந்துபோய் இருக்கிறார்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உதடு நொந்ததால் பாதியில் நிறுத்தினான். பிறகு சற்று மெதுவாக, "உண்மையிலேயே நடக்கத்தான் வாறனியோ?" என்று கேட்டான்.

"ஓம்."

"விசர்," என்றான் அவன். அதில் கோபம் இல்லை.

நடுப்பகலுக்குச் சற்று முன் வானம் கறுத்தது. திரும்பும் பஸ் ஒரு மணிக்கு. அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம்தான். வந்த வழியே போனால் ஒன்றரை மணித்தியாலம் நடக்கவேண்டும். அப்போது அழகரத்தினம் வீதியோரத்தில் ஒரு பலகையைக் கண்டான். ஒற்றையடிப் பாதை ஒன்று கீழே இறங்கியது. கீழ் வீதிக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று பலகையில் எழுதியிருந்தது.

"இதாலை இறங்குவம்."

சிவமலர் திரும்பிப் பார்த்தாள். பாதையின் இரு ஓரமும் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பட்டை ஒன்று, சிவப்புப் பட்டை ஒன்று. நடைப்பயணிகளுக்கு வழி காட்ட யாரோ அந்தக் கிழமைதான் பூசியிருக்கவேண்டும். நிறம் ஈரமாக மினுங்கியது.

"நில்லுங்கோ," என்றாள்.

"என்ன?"

"அசையாதையுங்கோ. காலை எடுக்காதையுங்கோ."

அவனுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் விளங்கியது. "மலர், இது வழி காட்டுற அடையாளமடி. இத்தாலி முழுக்க மலையிலை இப்பிடித்தான் பூசுவினம். இஞ்சை ஆர் வெடி புதைச்சது?"

"தெரியும்."

"தெரிஞ்சால் வா."

"எனக்கு விளங்குது. காலுக்கு விளங்கேல்லை."

அவளுடைய மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. அவளுக்குத் தெம்பூட்டவேண்டும் என்று நினைத்தானோ, அல்லது முதல்நாள் அறை இன்னும் உள்ளே கிடந்ததோ, அவன் பாதைக்குள் இறங்கி, ஒரு கல்லின் சிவப்புப் பட்டைக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டு காலாலும் குதித்தான். "பார். வெடிக்குதோ? பார்." மூன்றாவது குதியில் சிவமலர் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அவன் வெட்கப்பட்டுப்போய்த் திரும்பி வந்தான். தன் கைலேஞ்சியால் அவளுடைய வாயைத் துடைத்துவிட்டான். "சரி. நீ சொல்லு. எதாலை போவம்?"

அவள் சுற்றிப் பார்த்தாள். இருபது மீற்றர் தள்ளி, இடுப்பளவு பன்னச் செடிகளுக்கு நடுவே, கீழே இறங்கும் ஒடுங்கிய தடம் ஒன்று இருந்தது. ஈர மண்ணில் குளம்படி. உலராத சாணம். ஓரத்து மரங்களில் ஏதோ விலங்கு உடம்பை உரசிச் சேறு பூசியிருந்தது. நாளும் பொழுதும் கால்கள் போய்வந்த இடம்.

"இதாலை," என்றாள். "இது மிதிபட்ட நிலம்."

அவளுடைய நாலு வருடப் படிப்பும் வன்னிச் சனத்தின் அனுபவமும் அதையே சொல்லின. அந்த மலையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். கள்ளவேட்டைக்காரர்கள் கம்பிச் சுருக்கு வைப்பது விலங்குகள் தினம் நடக்கும் தடங்களில்தான்.

பழக்கத்தின்படி அவளே முன்னால் போனாள். கொஞ்சத் தூரத்தில், ஒரு மரக்கன்றைச் சுற்றி நிலம் உழுததுபோல வட்டமாகக் கிளறுண்டு கிடந்தது. நடுவில் கறுப்பாகக் குவிந்து ஒரு கும்பி. அவள் கையை உயர்த்தினாள். அவன் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தான்.

"அம்மாடி, பன்றியடி. செத்துக்கிடக்குதோ?"

"கிட்டப் போகாதையுங்கோ."

"கம்பியிலை கட்டுப்பட்டுக் கிடக்குது. பொறு, ஒரு படம் எடுப்பம். நிரோசனுக்கு அனுப்பவேணும், உன்ர ஆளைக் கண்டுபிடிச்சிட்டன் எண்டு."

அவன் போனை எடுத்து இரண்டு அடி வைத்தான். கும்பி எழுந்தது. கழுத்தையும் ஒரு முன்னங்காலையும் சேர்த்துக் கம்பி தசைக்குள் இறங்கியிருந்தது. இரவு முழுக்க இழுத்த இழுப்பில் கன்றின் வேர் ஏற்கெனவே ஆடிப்போயிருந்தது. முதல் பாய்ச்சலைக் கம்பி தாங்கியது. இரண்டாவது பாய்ச்சலில் கன்று வேரோடு கிளம்பி வந்தது.

அவன் ஓடத் திரும்பவுமில்லை. பன்றி அவனுடைய முழங்காலில் மோதித் தலையை மேலே வீசியது. துணி கிழியும் சத்தம்தான் கேட்டது. அவன் மல்லாக்க விழுந்து தன் தொடையைப் பார்த்தான். முழங்காலுக்கு மேலே தொடை திறந்திருந்தது. இரத்தம் விட்டு விட்டுப் பாய்ந்தது.

பன்றி வட்டமடித்து மறுபடி வந்தது. பின்னால் இழுபட்ட கன்று இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுக்காகச் சிக்கியது. கம்பி விறைத்தது. அழகரத்தினத்தின் முகத்துக்கும் அந்தப் பல்லுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது. அது மூச்சு விட்டபோது அவனுடைய முகத்தில் நுரை தெறித்தது.

சிவமலர் இரண்டு கையாலும் தூக்கக்கூடிய கல் ஒன்றைத் தூக்கினாள். முதல் அடி மூக்கில் விழுந்தது. பன்றி கத்திய கத்தலில் பள்ளத்தாக்கே திரும்பக் கத்தியது. அடுத்த அடியில் ஒரு கண் போனது. அது அவளுடைய பக்கம் திரும்பிச் சப்பாத்தின் நுனியைக் கடித்துப் பிய்த்தது. அவள் பின்வாங்கவில்லை. கல்லைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி, காதுகளுக்கு நடுவே போட்டாள். ஈர விறகு பிளப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. கால்கள் உதறின. பிறகு உதறவில்லை. அவள் நிறுத்தவில்லை. தலை என்று ஒன்று இல்லாமல் போனபிறகும் கல் ஏறி இறங்கியது.

"மலர்," என்றான் அவன். "காணும். அது செத்துப்போச்சு. என்னைப் பார்."

அவள் கல்லைப் போட்டாள். கைப்பையின் வாரை அறுத்து, காயத்துக்கு மேலே தொடையைச் சுற்றி முடிந்து, முடிச்சுக்குள் ஒரு தடியைச் செருகி முறுக்கினாள். அவன் அலறி அவளுடைய முகத்தில் குத்தினான். அவள் அந்தக் கையை முழங்காலால் மண்ணோடு அழுத்திக்கொண்டு மேலும் முறுக்கினாள்.

"கிட. அசையாதை. அசைஞ்சியோ, செத்துப்போவாய்."

பதின்மூன்று வருடக் குடும்பத்தில் அவள் அவனை மரியாதை விட்டு நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரத்தம் ஊற்றாகி, கசிவாகி, நின்றது. புருவம் கீறும் பென்சிலை எடுத்து அவனுடைய நெற்றியில் 12:10 என்று எழுதினாள்.

அவனுடைய போன் பன்றிக்குக் கீழே நொறுங்கிக் கிடந்தது. அவளுடையதில் சிக்னல் இல்லை. ஓடிப்போய் ஆள் கூப்பிடுவதா, அவனோடேயே இருப்பதா என்று அவள் நின்றபோது, பன்னச் செடிகளை விலக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். கத்தின சத்தத்துக்கு வந்தவர்கள். நரைத் தாடிக்காரன் ஒருவன், கையில் துப்பாக்கி. மற்றவன் இளையவன், தோளில் சாக்கு. இருவரும் முதலில் பார்த்தது பன்றியை. பிறகு கம்பியை. கடைசியாகத்தான் அழகரத்தினத்தை.

"ஆஸ்பத்திரி," என்றாள் சிவமலர், சிஞ்ஞோரா மார்த்தினாவின் சமையலறையில் பொறுக்கின இத்தாலியத்தில். "சீக்கிரம். கார் எங்கே?"

வண்டி மேலே மண் வீதியில் நிற்பதாகத் தாடிக்காரன் சொன்னான். வனக்காவலர்கள் வந்தால் சிக்கல் என்றும் சொன்னான். முதலில் கம்பியையும் பன்றியையும் எடுத்துவிட்டுப் போகிறோம், கீழே போய் யாரையாவது அனுப்புகிறோம் என்றான். இளையவன் குனிந்து, பன்றியின் கழுத்தில் கம்பியை இளக்கத் தொடங்கினான்.

சிவமலர் அதே கல்லை மறுபடி தூக்கி, அவனுடைய விரல்களுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டாள். அவன் பின்பக்கமாக விழுந்தான். தாடிக்காரன் துப்பாக்கியைத் திருப்பினான். அவள் அதை நோக்கி நடந்தாள். குழல் நெஞ்சில் முட்டும் வரை நடந்தாள். உடம்பு முழுக்கப் பன்றியின் இரத்தம். எது யாருடையது என்று சொல்லமுடியாது.

"சுடு," என்றாள். "பிறகு இரண்டு பேரைப் புதைக்கவேண்டும். நேரம் போகுது. சுடு, இல்லாவிட்டால் தூக்கு."

இளையவன்தான் முதலில் கதைத்தான். "மாமா, தூக்குவோம். இவளுடைய கண்ணைப் பார்."

சாக்கை விரித்து அவனைக் கிடத்தித் தூக்கினார்கள். செடிகளுக்குள் ஏறமுடியாது என்று பக்கவாட்டில் வெட்டிப்போய், அந்தக் கற்பாதையிலேயே ஏறினார்கள். சிவமலர் தொடைக்கட்டைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். வெள்ளைப் பக்கம் எது, சிவப்புப் பக்கம் எது என்று கால்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். சாக்கிலிருந்து அவனுடைய வாய் அசைந்தது.

"பார்... வெடிக்கேல்லை."

"வாயை மூடு. மூச்சை வீணாக்காதை."

வண்டியின் பின்தட்டில் அவனைக் கிடத்தி, அவள் மேலே குனிந்து இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது தாடிக்காரன் அவளுடைய மேற்கையை இறுக்கிப் பிடித்து, பன்றி வீதியில் பாய்ந்தது, கம்பி என்று ஒன்று இல்லை என்றான். வேறுவிதமாகச் சொன்னால் உங்கள் ஆட்கள் இருக்கும் கபோவில் ஆளைத் தேடிப் பிடிப்பது கடினமில்லை என்றான். அவள் தலையாட்டினாள். உள்ளே பொலிஸ்காரன் கேட்டபோது கம்பி, துப்பாக்கி, வண்டியின் நிறம், தாடியின் நீளம் எல்லாவற்றையும் சொன்னாள். நெஞ்சில் குழல் வைத்தவனுக்கு ஆட்டின தலையை அவள் ஒரு வாக்காக எண்ணவில்லை.

சத்திரசிகிச்சை மருத்துவர் அழகரத்தினத்தின் நெற்றியைப் படித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். தொடையைக் கட்டி ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. அறுந்த இரத்த நாடியை ஒட்டிப் பார்க்கிறோம், முடியாவிட்டால் கால் போகும் என்றார். ஒரு தாதி பத்திரத்தை நீட்டினாள். வெட்டவேண்டி வந்தால் வெட்டலாம் என்று அதில் இருந்தது. மற்றவர்களுடைய கால் போகாமல் இருக்க நாலு வருடம் முழங்காலில் நின்றவள், அந்தத் தாளைச் சுவரில் வைத்து, பெயரைக் கோணலாக எழுதினாள். பேனை இரத்தத்தில் வழுக்கியது.

ஐந்து மணித்தியாலம் ஓடியது. சுவரோரத்துக் கதிரையில் இருந்தபடி, நகத்துக்குள் உறைந்திருந்ததை ஒவ்வொரு விரலாகக் கிண்டி எடுத்தாள்.

அவன் கண் விழித்தபோது விடியத் தொடங்கியிருந்தது. கையைப் போர்வைக்குக் கீழே கொண்டுபோகவில்லை.

"மலர்."

"ம்."

"நீ பார்த்துச் சொல்லு."

அவள் போர்வையைத் தூக்கினாள். துணிக்கட்டுகளுக்கு வெளியே இரண்டு பாதங்கள் இருந்தன. ஒன்று வழமையான நிறம். மற்றது வீங்கி, நீலம் பாரித்து, ஆனால் தொட்டால் சூடாக இருந்தது.

"இருக்குது."

"ரெண்டுமோ?"

"ரெண்டும்."

அவன் கண்ணை மூடினான். இமையோரத்தால் ஒழுகியது காதுக்குள் போனது. அவள் போர்வையை ஒழுங்காக இழுத்து மூடிவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"பாதையிலை போயிருந்தா ஒண்டும் நடந்திராது. நான்தான் உங்களை அங்காலை கூட்டிக்கொண்டு போனனான்."

இல்லை என்று அவன் சொல்வான் என அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

"ஓம்," என்றான்.

பிறகு, "தண்ணி தா," என்றான்.

பின்னேரம் வரை தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று தாதி சொல்லியிருந்தாள். சிவமலர் பஞ்சை நனைத்து, பிழிந்து, வெடித்த உதட்டைத் தவிர்த்து மற்ற உதட்டில் வைத்தாள்.

"காணாது," என்றான் அவன்.

அவள் இன்னொரு முறை நனைத்தாள்.